ஒரு கை குறைவு

செவ்வாய்ச் சந்தையில் பேரம் பேசி வாங்கியது,
கத்தரிப்பூ நிறத்தில் ஆறு உருண்டை உல்லன்.
ஆதிரைக்கு அப்போது நான்கு வயது.
எண்பத்தாறு கண்ணி போட்டு
மெட்ரோவில் ஆரம்பித்தேன்.
மயூர் விஹாரில் ஏறி உட்கார இடம் கிடைத்தால்
மண்டி ஹவுஸ் வருவதற்குள் ஒன்றரை வரிசை.
கிடைக்காவிட்டால்
நூலுருண்டை பைக்குள் சும்மா உருண்டுகொண்டு வரும்.

இரண்டு சீதா, இரண்டு உல்டா.
பக்கத்து வீட்டு ஹர்ப்ரீத் சொன்ன கணக்கு.
முணுமுணுத்துக்கொண்டே பின்னினால்
மடியில் வந்து சாய்ந்து கேட்பாள் ஆதிரை:
'சீதாவுக்கு யார் மேலம்மா கோபம்?
ஏன் திரும்பித் திரும்பி நிக்கிறா?'
கணக்கு தப்பும்.
பிரித்து மறுபடி.

முதுகு முடிந்தபோது குளிர்காலம் முடிந்திருந்தது.
அடுத்த தை மாதம் முன்பக்கமும் முடிந்து
மாட்டிப் பார்த்தால்
கழுத்துக்குள் தலை நுழையவில்லை.
பிள்ளைகள் ராத்திரியிலும் வளர்கிறார்கள்.
நான் பின்னுவது
போக ஒன்றரை, வர ஒன்றரை வரிசை.

'விடு, அடுத்ததுக்கு ஆகும்' என்றார் தியாகு
கொத்தமல்லிப் பாத்தியிலிருந்து தலை நிமிராமல்.
அடுத்தது அப்போது என் வயிற்றில்
பட்டாணி அளவு.

கவினுக்கு இரண்டு வயதானபோது
ஒரு கையும் முளைத்திருந்தது ஸ்வெட்டருக்கு.
போட்டுவிட்டேன்.
வாசல் வரை போனான்.
'அரிக்குது' என்று
ஒரே சொல்லில் தீர்ப்பெழுதிக் கழற்றி எறிந்தான்
நாலு குளிர்காலத்தை.

அது விழுந்த இடத்தில்தான்
பனிமூட்டத்திலிருந்து ஒரு வெள்ளை நாய் வந்து படுத்தது.
ஒரு காது கிழிந்திருந்தது.
ளகரம் ஏறாத டெல்லி நாக்கால்
முள்ளங்கி மாதிரி இருக்கு, மூலி என்றாள் ஆதிரை.
தியாகு காதில் அது மூளி என்று விழுந்தது.
கிழிந்த காதைத் தடவி,
'பேர் பொருத்தம்தான்' என்றார்.
எந்த மொழியில் கூப்பிட்டாலும்
ரொட்டி இருந்தால் வரும்.

முன்னங்கால் ஒன்று கைக்குள்,
இன்னொன்று ஓட்டை வழியே வெளியே.
பூங்காவை மூன்று சுற்று வந்தது மூலி,
பெல்ட் போட்ட லாப்ரடார்களெல்லாம்
நின்று திரும்பிப் பார்க்க.
யாரோ என்னிடம் அது எந்தக் கடையில் என்று கேட்டார்கள்.
பொய் சொல்லவில்லை நான்,
சிரித்துவைத்தேன்.

இந்த வருஷம் குளிர் மூன்று டிகிரிக்கு இறங்கியது.
தியாகுவின் கறிவேப்பிலைச் செடி
ஒவ்வொரு மார்கழியிலும் செத்துப்போவதாகப் பயமுறுத்தும்,
இந்த முறை சொன்னதைச் செய்துவிடும் போலிருந்தது.
சாக்கு சுற்றினார். தொட்டியைச் சுவரோரம் நகர்த்தினார்.
ராத்திரி எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தார்,
அலுவலகத்தில் எனக்குக் காய்ச்சல் என்று
போன் செய்தபோதுகூட
இவ்வளவு பதறியதாக நினைவில்லை.

காலையில் செடி
கத்தரிப்பூ நிற ஸ்வெட்டர் போட்டு நின்றது.
'அதுக்கு ஒரு கை போதும்மா' என்றான் கவின்.
நான்கு வயது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.
தொங்கிய அந்தக் கைக்குள் மூஞ்சியை நுழைத்து
தொட்டியைச் சுற்றிச் சுருண்டு
மூலி தூங்கிக்கொண்டிருந்தது.
இழுத்துப் பிடுங்கியிருக்கலாம் அது,
அதன் சொத்துதானே.

மாசியில் இலை ஒன்றுகூட மிச்சமில்லை.
தியாகு உட்கார்ந்து
தண்டைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கீறினார்.
ஆதிரை, கவின், மூலி, நான்
நாலு பேரும் குனிந்தோம்.
நகத்துக்கடியில்
ஈரமாக, துளி பச்சை.
ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.
மூலி மட்டும் தும்மியது.

ஆறாவது உருண்டை இன்னும் பைக்குள் இருக்கிறது.
இன்று எட்டு நாற்பது வண்டியில் உட்கார இடம் கிடைத்தது,
முப்பத்திரண்டு கண்ணி போட்டேன்.
யார் கை அளவு என்று
அளந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் ரசத்துக்கு
சஃபல் கடையிலிருந்து
பத்து ரூபாய் கறிவேப்பிலை.